கல்லில் பேர் உள்ளவர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டொன்று 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பேர் பேராகச் சொல்கிறது. எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவர் என்பதுவரை. அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டு, வரியில்லா நிலத்தைக் கழிக்கும்போது ஊர்நத்தம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் வெறும் பரப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறது. அங்கே இருந்தவங்க பேர்? கிடையாது. பிரதிகளை எண்ணுவது பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் முதலில் தோன்றும்.

கணினியால் பிரதிகளை மொத்தமாக அகழ்ந்து பார்ப்பது நேற்று மேற்கிலிருந்து வந்திறங்கிய சரக்கு என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நொபொரு கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைத் தொகுத்த மூன்று தொகுதிகள் 1978லேயே மதுரையிலிருந்து வெளிவந்துவிட்டன. ஊர்ப்பெயரோடு 'உடையான்' சேர்ந்தால் அவன் அங்கே நிலம் உடையவன். ஒரு கல்லில் படித்தால் அது வெறும் பட்டம். ஆயிரக்கணக்கில், காலவாரியாக, இடவாரியாக அடுக்கினால் நிலம் யார் கைக்குப் போனது என்ற கதை. இத்தகைய எண்ணிக்கையும் நில விற்பனைச் சாசனங்களை ஆராய்ந்ததும் சேர்ந்துதான், பிற்காலச் சோழர் காலத்தில் கீழ்க்காவிரிப் பகுதியில் தனியுடைமை பெருகியதைக் காட்டின. மாறாத கிராமச் சமுதாயம் என்று மார்க்ஸ் நம்பியது நம்ம வயக்காட்டிலேயே ஆட்டங்கண்டது.

இதில் நூலகத்துக்கு என்ன வேலை? அலமாரியைத் திறந்துவிட்டாப் போதாது. பக்கங்களைப் படமெடுத்து வைத்துவிட்டு எல்லாம் கணினியில் ஏறிவிட்டது என்பதும் பாதி வேலைதான். படம் எழுத்தாக வேண்டும். கல்வெட்டில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடில்லை, நடுநடுவே கிரந்தம். அச்சில் நாம் படிப்பது பதிப்பாசிரியரின் தீர்ப்பு. கல்லில் உள்ளபடியும் வேண்டும், தீர்ப்பும் வேண்டும், சிதைந்த இடம் சிதைந்ததென்றே குறிக்கப்படவும் வேண்டும். மொத்தமாகப் படியெடுக்கும் உரிமை எல்லாவற்றுக்கும் முன்னால். ஒரு நூலகத்தில் என்னிடம், ஒரு தடவைக்குப் பத்துப் பக்கந்தான் ஜெராக்ஸ் என்றார்கள். பத்துப் பக்கத்தில் எதை எண்ணுவது? மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மசிப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்ல, 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தேவைப்பட்டது. அச்சேறாத படிகள் இன்னும் ஏராளம்.

எல்லாம் கிடைத்தாலும் எந்திரம் கல்லில் உள்ள பேரைத்தான் எண்ணும். எண்ண எண்ண, உடையவன் இன்னும் பெரிசாகத் தெரிவான். ஆனால் அதே எந்திரத்திடம் வேறு கேள்வியும் கேட்கலாம்: தீண்டாச்சேரி எந்தெந்த ஊரில், எத்தனை மா நிலத்தில், எந்த வாய்க்காலுக்கு அடுத்து எழுதப்பட்டிருக்கிறது? இப்போதைக்கு அந்தப் பட்டியலை நோட்டில் கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு ஊர் வந்திருக்கிறது.