வீட்டுப் பீரும் அயலார் நாவும்

பொங்கல் நாளில் அண்டை வீட்டார் கொடுத்தனுப்பிய பொங்கலை உண்டுவிட்டு, "இதில் வெல்லம் குறைந்துவிட்டது, அடிப்பிடித்த வாடையும் வீசுகிறது" என்று உள்ளதை உள்ளபடி கூறியவர் நம்மில் எத்தனை பேர் உளர்? ஒருவரும் இலர் என்றே சொல்லலாம். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது "அமிர்தமாக இருந்தது" என்போம். அவர்களும் மகிழ்வார்கள். அடுத்த ஆண்டும் அடிப்பிடித்த பொங்கலே வரும். இவ்வழக்கம் நன்றோ தீதோ என்று ஆராய நாம் புகவில்லை. ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கத்தைத் தம்முள் ஏற்படுத்திக்கொண்டு, அதனால் ஒரு பெருந்தொழிலின் போக்கையே மாற்றிவிட்ட சாதாரண ஜனங்களின் வரலாறு ஒன்று உண்டு. அவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தத்தம் அடுக்களையில் பீர் செய்து, புட்டிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, குறைகளைக் கூசாமல் எழுதிக் கொடுத்தவர்கள். அவ்வரலாற்றை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

குடியைப் பற்றியா இப்பக்கங்களில் எழுதுவது என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இருப்பர். அவர்கள் சினம் நியாயமானதே. மலையாவின் ரப்பர்த் தோட்டங்களில் சம்பள நாள் மாலைகளில் கள்ளுக்கடை வாயிலிலே எத்தனை குடும்பங்களின் கூலி கரைந்தது என்பதை நாம் மறந்தோமல்லோம். அக்கடையில் குடித்தவன், தான் குடிப்பது எதனால் ஆனது, யார் கைப்பட்டது, என்ன கலந்தது என்று கேட்டதில்லை. கேட்கவும் அவனுக்கு இடமில்லை. நாம் கூறப்போகும் மக்களோ கேட்டவர்கள். அந்த வேற்றுமைக்காகவே இக்கட்டுரையைப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகின்றோம்.

பீர் செய்யும் விதம் கடினமானதன்று. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவர். அதற்கு மால்ட் என்று பெயர். அதனை நொறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டால் இனிப்பான சாறு இறங்கும். அச்சாற்றுடன் ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட்டைக் கலந்தால், அந்த ஈஸ்ட் இனிப்பைத் தின்று மதுச்சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். சில வாரங்களில் பீர் ஆயிற்று. சாராயம் காய்ச்சுவதுபோல் வாலை வைத்து இறக்கும் வேலை இதில் இல்லை. ஆலைகள் தோன்றுமுன் ஐரோப்பாவில் இது பெரும்பாலும் பெண்களின் வீட்டு வேலையாகவே இருந்தது.

1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் மால்ட் பாகு தகர டப்பிகளில் கடைதோறும் பகிரங்கமாக விற்றது. ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லி வாங்கினார்கள். எதற்கு என்பது விற்றவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும், போலீஸ்காரனுக்கும் தெரியும். அப்பாகுடன் சர்க்கரையைக் கொட்டி, ரொட்டி ஈஸ்ட்டைத் தூவி, அவசரமாகப் புட்டியில் அடைத்த அந்த வீட்டுப் பீர் பெரும்பாலும் புளித்தது. சில வேளை புட்டியே வெடித்தது. ஒளித்துச் செய்த பண்டமாதலின், "உன் பீர் ஏன் புளிக்கிறது?" என்று கேட்கவும் சொல்லவும் ஆளில்லை. கல்லாத கை கல்லாமலே இருந்துவிட்டது.

மதுவிலக்கு ஒழிந்தபோது வீட்டில் திராட்சை மது செய்துகொள்ள அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. ஆலைகள் மட்டும் மீண்டும் திறந்தன. பெரிய கம்பெனிகள் சிறியவற்றை விழுங்கின. 1970-களின் இறுதியில் அப்பெரிய தேசம் முழுவதிலும் நூற்றுக்கும் குறைந்த ஆலைகளே எஞ்சின. அவை செய்த பீரும் ஏறக்குறைய ஒரே நிறம், ஒரே சுவை. இங்கிலாந்திலோ 1880-ல் கிளாட்ஸ்டன் காலத்துச் சட்டம் வீட்டில் பீர் செய்வோரையும் லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தது. 1963-ல் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் தமது வரவு செலவுத் திட்டத்தில் அதனை நீக்கிவிட்டார். அமெரிக்கர்கள் மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருந்தார்கள் என்று சொல்வதும் பொருந்தாது. ஒரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் பிரெட் எக்கார்ட் என்பவர் 1970-லேயே லாகர் வகைப் பீரை வீட்டில் ஒழுங்காகச் செய்யும் முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். செய்வது குற்றம், செய்யும் விதத்தை அச்சிட்டு விற்பது குற்றமன்று! 1974-ல் லாஸ் ஏஞ்சலீசில் ஒரு கடையைச் சார்ந்து 'மால்டோஸ் பால்கன்ஸ்' என்ற சங்கம் தோன்றியது. அங்கத்தினர் தாம் செய்த பீரைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து பிறர்முன் வைத்தனர். சட்டம் ஒத்துக்கொள்ளாத பண்டத்தைப் பிறர் நாவுக்குக் கொடுத்துத் தீர்ப்புக் கேட்டார்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மதுவிலக்குக் காலத்துப் பாட்டன்மார் செய்யாத காரியம் இதுவே.

1978 அக்டோபர் 14-ம் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரி 1 முதல் அமுலுக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர் உள்ள வீட்டில் 200 கேலனும் வரியின்றிப் பீர் செய்துகொள்ளலாம். ஒரு சொட்டும் விற்கலாகாது. (நம் சிங்கப்பூரிலும் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை விற்பனைக்கன்றிச் செய்துகொள்ள இடமுண்டு.) நமக்கு அளவைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு விதி. வீட்டில் செய்த பீரைச் சுவை பார்க்கும் கூட்டங்களுக்கும் போட்டிகளுக்கும் வெளியே எடுத்துச் செல்லலாம் என்று மத்திய சர்க்காரின் விதிகள் வெளிப்படையாகக் கூறின. செய்வதற்கு மட்டும் உரிமை கொடுத்துப் பகிர்வதற்குக் கொடாமல் விட்டிருந்தால், மீண்டும் மால்ட் பாகு டப்பியின் காலமே வந்திருக்கும்.

அதே 1978-ல் கொலராடோ மாகாணத்துப் போல்டர் நகரில் சார்லி பபேசியன் என்பவர் ஒரு நண்பருடன் கூடி அமெரிக்க வீட்டுப் பீர்ச் சங்கத்தைத் தொடங்கினார். அணுசக்தி எஞ்சினீயரிங் கற்றுப் பின்னர்ப் பள்ளி ஆசிரியரானவர் இவர். சங்கத்தின் பத்திரிகை அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. 1979-ல் போல்டரில் முதற் போட்டி நடந்தது. 1985-ல் நடுவர்களுக்கே பரீட்சை வைக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. பீரில் எத்தனை வகை, ஒவ்வொன்றும் எப்படி இருக்க வேண்டும் என்ற பாகுபாட்டுக்கு மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1977-ல் வெளியிட்ட உலகப் பீர் நூல் பெருந்துணையாயிற்று. பாடகர் வேறு, இவர் வேறு.

நிற்க. அந்நடுவர்கள் நிரப்பும் தாளைச் சற்றுப் பார்ப்போம். மொத்தம் 50 புள்ளி. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, முழு மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே புள்ளி என்பது எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புள்ளி மட்டும் போட்டால் போதாது. ஒவ்வொன்றின் கீழும் காரணம் எழுத வேண்டும். "நன்று" என்று எழுதிவிட்டு எழுந்து போவது நடுவனுக்கு அழகன்று. புட்டிகளில் ஒட்டுத்தாள் இராது. மூடியில் எழுத்திருந்தால் மையால் மறைத்திருப்பர். செய்தவர் பெயர் நடுவருக்குத் தெரியாது. பிறப்பையும் பட்டத்தையும் பணப்பையையும் பார்த்தே பொன்னாடை போர்த்தும் நம் சபைகளில் ஒரு முறையேனும் பெயரை மறைத்துப் பாட்டைப் படித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அயலார் நா எதற்கு, தன் நா போதாதோ எனின், போதாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது ஒரு காரணம். மற்றொன்று உடம்பின் இயல்பு. ஒரே வாடையில் நெடுநேரம் இருக்கும் மூக்கு அவ்வாடையை உணராமற் போகும். கருவாட்டுக் கடைக்காரனுக்குக் கருவாடு நாறுவதில்லை. ஒருவன் தன் பீரில் வெண்ணெய் மணம் இலேசாக வீசுவதை மாதக்கணக்கில் அறியாதிருப்பான். அதுவே தன் கைப்பக்குவத்தின் சிறப்பு என்றும் எண்ணுவான். நண்பன் ஒரு மடக்கில் சொல்லிவிடுவான். அம்மணம் டையசிட்டைல் என்னும் பொருளால் வருவது. ஈஸ்ட் வேலை செய்கையில் அதனை உண்டாக்கும் பொருள் பிறக்கிறது; இன்னும் சில நாள் விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பொறுமையின்றி முன்னதாகப் புட்டியில் அடைத்ததே குற்றம். பச்சை ஆப்பிள் வாசம் வந்தாலும் பெரும்பாலும் அதே அவசரந்தான்.

அவித்த சோள மணம் வந்தால், கொதிக்கும்போது பானையை மூடிவைத்தாயோ என்று நண்பன் கேட்பான். ஆவியோடு போகவேண்டிய கந்தகப் பொருள் மூடியில் பட்டு மீண்டும் சாற்றில் விழுந்துவிடுகிறது. நனைந்த காகிதத்தின் சுவையா? புட்டியில் ஊற்றும்போது காற்றுக் கலந்திருக்கிறது. மருந்துக்கடை வாடையா? குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்காமல் உபயோகித்திருக்கிறான். சகிக்கவொண்ணாத துர்நாற்றம் வந்தால் புட்டி வெயிலில் கிடந்திருக்கும். ஒளி பட்டதும் ஹாப்ஸின் கசப்புச் சத்து சிதைந்து கந்தகம் கலந்த பொருளாகிவிடுகிறது. பழுப்புப் புட்டி அவ்வொளியைத் தடுப்பது. பச்சைப் புட்டி கண்ணுக்கு அழகு, பீருக்கு ஆகாது. இவ்வாறு ஒரு வாய் பீரிலிருந்து செய்தவனுடைய பானை, தண்ணீர், பொறுமை யாவும் வெளிப்பட்டுவிடுகின்றன. இது சோதிடமன்று, ரசாயனம். கடைக்கு வந்த பீரில் இக்குற்றங்களைக் கண்டவன் வாங்காமல் விடலாம், அவ்வளவே. புட்டி மாற்றிக்கொண்டவனோ காரணத்தைச் சொல்லி, அடுத்த மாதம் திருத்திய பீரையும் பருகினான்.

இம்முறையில் குறை இல்லாமலுமில்லை. வகை நூலில் எழுதியபடி இருந்தால்தான் புள்ளி என்றான பிறகு, நாவுக்கு இன்பமாயிருந்தும் எவ்வகையிலும் சேராத பீர் போட்டியில் தோற்றுவிடும். இலக்கணத்துக்காகவே பாட்டெழுதும் புலவர்போல் நூலுக்காகவே பீர் செய்வோரும் தோன்றினர். ஆயினும் இலக்கணமே அறியாத காலத்துப் புளித்த பீரை நினைக்குங்கால் இக்குறை சிறிதே என்பது நம் கருத்து.

இவர்களுள் சிலர் அடுக்களையிலிருந்து வெளிப்பட்டனர். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் 1976-ல் வீட்டுப் பீருக்கான பொருள்களை விற்கும் கடை வைத்த கென் கிராஸ்மன், 1980-ல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். ஒரிகனில் ஆராய்ச்சியால் உண்டாக்கி 1972-ல் வெளியிடப்பட்ட காஸ்கேட் என்னும் ஹாப்ஸின் நாரத்தை மணத்தை மறைக்காமல் முன்னே நிறுத்திய அவருடைய பீர், பெரிய கம்பெனிகளின் ஒரே சுவைக்கு மறுமொழியாக அமைந்தது. நூற்றுக்குங் கீழே இறங்கிய ஆலைகளின் தொகை 2023-ல் 9,000-க்கு மேல் இருந்தது. இவற்றைத் தொடங்கியவர்களுள் எத்தனையோ பேர் முதலில் ஒரு நண்பனின் முகச்சுளிப்பைப் பார்த்துக் கற்றவர்கள்.

இத்துடன் போராட்டம் முடிந்ததெனின், அதுவும் இல்லை. மது விஷயத்தில் மாகாணங்களுக்குத் தனி அதிகாரம் உண்டு. எக்கார்ட் நூல் எழுதிய அதே ஒரிகனில், 2010-ல், சட்ட வல்லோர் பழைய சட்டத்தை எடுத்து எழுத்தெண்ணிப் படித்தனர். வீட்டில், வீட்டு உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம் என்றிருந்ததை, வீட்டு வாசலைத் தாண்டி எடுத்துச் செல்லலாகாது என்று பொருள் கொண்டனர். அவ்வாண்டு மாகாணப் பொருட்காட்சியின் வீட்டுப் பீர்ப் போட்டி நிறுத்தப்பட்டது. அப்போது எண்பத்து நான்கு வயதான எக்கார்ட் அந்நகரிலேயே வாழ்ந்திருந்தார். பீர் செய்வது பற்றி ஒருவருக்கும் ஆட்சேபமில்லை; அடுத்த வீட்டானுக்கு ஒரு குவளை கொடுப்பதே குற்றமாயிற்று. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 2011-ல் சட்டசபை அதனைத் திருத்தி, வீட்டுப் பீரை வெளியே கொண்டுசெல்லவும் போட்டியில் வைக்கவும் உரிமையை எழுத்திலே தந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை வீட்டில் செய்வதையே அனுமதிக்கவில்லை. ஐக்கிய நாட்டில் கடைசியாக இணங்கியவை அவ்விரண்டே.

அமெரிக்கத் தபால் இலாகா மட்டும் 1909 முதல் மதுவகை எதனையும் பொட்டலமாக ஏற்பதில்லை. ஆகவே பக்கத்து ஊர் நண்பனுக்குப் புட்டி கொடுக்க விரும்புபவன், அதனைத் துணியிற் சுற்றிக் கூட்டத்துக்குத் தானே தூக்கிச் செல்கிறான். அவன் பீரில் வெண்ணெய் வாடை வீசுகிறது என்று நண்பன் எழுதும் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கத் தபாற்காரனுக்குத் தடையொன்றும் இல்லை.