நோயாளியின் அருகிலும் ஜனாஸாவின் அருகிலும்: மதீனாவின் பணிவிடைப் பெண்கள்

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு நடந்த அகழ்ப் போரில், அவ்ஸ் குலத்தின் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்தது. முக்கிய இரத்தக்குழாய் அறுபட்டுவிட்டது. அவரை அவருடைய இல்லத்திற்கு அனுப்பாமல், பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரத்தில் கிடத்துமாறு அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அங்கே காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்துவந்தார். காலையில் கடந்து செல்லும்போது இரவு எப்படிக் கழிந்தது என்றும், மாலையில் கடந்து செல்லும்போது பகல் எப்படிக் கழிந்தது என்றும் நபியவர்கள் கேட்பார்கள். ஸஅத் பதில் சொல்வார்.

ருஃபைதாவை இஸ்லாத்தின் முதல் செவிலியர் என்று நாம் பெருமையோடு எழுதுகிறோம். அவருடைய பணியைப் பற்றி வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் தரும் குறிப்பின் பிற்பகுதியை ஏனோ விட்டுவிடுகிறோம். காயத்திற்கு மருந்திட்டதோடு, கவனிப்பாரற்றுப் போன முஸ்லிம்களுக்குப் பணிவிடை செய்வதிலும் அவர் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார் என்கிறது அக்குறிப்பு. மருந்தும் ஆதரவும் அங்கே இருவேறு துறைகளாக இருக்கவில்லை. ஸஅத் பிழைக்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. சில வாரங்களில் காயம் மீண்டும் வாய்திறந்து இரத்தம் பெருகி அவர் ஷஹீதானார். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அழுததைத் தம் அறையிலிருந்தே கேட்டு, எது யாருடைய அழுகை எனப் பிரித்தறிந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்.

குணமாகாத நோயாளியைக் கவனித்தவருக்கு என்ன நேர்கிறது? இக்கேள்விக்கு உம்முல் அலா (ரலி) அவர்களின் இல்லத்தில் விடை கிடைக்கிறது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகள் சீட்டுக் குலுக்கித் தம் இல்லங்களில் ஏற்றுக்கொண்டபோது, உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) இந்தப் பெண்மணியின் குடும்பத்திற்கு வந்து சேர்ந்தார். பின்னர் அவர் நோயுற்றார். இரத்த உறவு ஏதுமில்லாத அக்குடும்பமே அவருக்குப் பணிவிடை செய்தது; அவர் இறந்ததும் அவருடைய ஆடைகளிலேயே கஃபனிட்டது. துயரம் தாளாத உம்முல் அலா, அல்லாஹ் அவரை நிச்சயமாகக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று ஜனாஸாவின் முன் சாட்சி சொன்னார். அது உமக்கு எப்படித் தெரியும் என நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவருக்கு நன்மையையே தாமும் எதிர்பார்ப்பதாகவும், மறைவானது தமக்கும் தெரியாது என்றும் கூறினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது கண்டிப்பு. ஆயினும் அதே நபியவர்கள்தாம் உஸ்மானின் உடலைக் கண்ணீர் வழிய முத்தமிட்டவர்கள். கவலையோடு உறங்கிய உம்முல் அலா, உஸ்மானுக்கென ஓர் ஊற்று ஓடுவதாகக் கனவு கண்டார். மறுபடியும் நபியவர்களிடம் வந்து சொன்னார். அது அவருடைய நற்செயல் என விளக்கம் கிடைத்தது. பணிவிடை செய்தவரும் துக்கத்திற்கு உரியவரே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

ஆண்களுக்கு இப்பணியில் பங்கில்லை என எண்ணுவோர், ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டை நினைவுகூரட்டும். பத்ருக்குப் படை புறப்பட்டபோது, நோயுற்றிருந்த தம் மனைவியும் நபிமகளுமான ருகைய்யா (ரலி) அவர்களைக் கவனிக்க உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) மதீனாவிலேயே தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவரின் கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என நபியவர்கள் அறிவித்தார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய நேரத்தில் ருகைய்யாவின் அடக்கம் நடந்துகொண்டிருந்தது.

நோயாளிக்கும் துக்கத்தில் இருப்போருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) பரிந்துரைத்த உணவு ஒன்றே: மாவைக் கொண்டு காய்ச்சும் தல்பீனா என்னும் கஞ்சி. அது நோயாளியின் உள்ளத்திற்கு இதமளித்துக் கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என நபியவர்களிடம் தாம் கேட்டதாக அவர் சொன்னார். ஒருவர் இறந்தால் பெண்கள் கூடுவர், பின்னர் கலைவர். வீட்டாரும் நெருங்கியோரும் மட்டும் எஞ்சிய பின்பே ஆயிஷா அடுப்பில் பாத்திரத்தை ஏற்றச் சொல்வார்கள். கூட்டம் கலைந்த அந்த நேரம்தான் துக்க வீட்டில் மிகக் கடினமானது என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோதும், அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு மற்றவர்களுக்கே கட்டளை வந்தது. நம் ஊர்களில் மவ்த் வீட்டார் கடன் வாங்கி வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி ஆக்கிப் போடும் நிலை எப்படி வந்தது என்பதைப் பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இவ்விரு பணிகளையும் ஒரே வாழ்வில் சுமந்தவர் உம்மு அத்திய்யா (ரலி). நபியவர்களோடு ஏழு போர்ப் பயணங்களில் சென்றார். உணவு சமைத்தார், காயங்களுக்கு மருந்திட்டார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நபிமகள் ஸைனப் (ரலி) இறந்தபோது அவர்களைக் குளிப்பாட்டிய பெண்களில் ஒருவராகவும் இருந்தார். இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படையாகக் கழுவவும், இறுதியில் கற்பூரம் சேர்க்கவும் நபியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். முடிந்ததும் தம் இடுப்பு ஆடையைத் தந்து, மகளின் மேனியை ஒட்டி அதைச் சுற்றச் சொன்னார்கள். அப்பெண்கள் கூந்தலை மூன்று பின்னல்களாகப் பின்னிப் பின்புறம் இட்டார்கள்.

பிற்காலத்தில் தம் மகனைக் காண உம்மு அத்திய்யா பஸ்ரா நகருக்கு விரைந்து வந்தார். மகனைச் சந்திக்க அவருக்கு வாய்க்கவில்லை என இப்னு சீரீன் அறிவிக்கிறார். தம் மகன் ஒருவர் இறந்த மூன்றாம் நாள், அவர் மஞ்சள் நிற நறுமணப் பொருளை வரவழைத்துத் தம்மீது பூசிக்கொண்டார். கணவரைத் தவிர வேறு எவருக்காகவும் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் கடைப்பிடிப்பது தங்களுக்குத் தடுக்கப்பட்டது என்றார். பஸ்ராவின் இளம் அறிஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். இப்னு சீரீனும் அவர் சகோதரி ஹஃப்ஸாவும் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் முறையை அவரிடமே கேட்டறிந்து அறிவித்தார்கள்.