இந்தூர் எருக்குழி



வீட்டுக் கொல்லையில் நான்கு கத்தரிச் செடியும் ஓர் அவரைப் பந்தலும் வளர்ப்போர், எருவுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒருநாள் வந்தே தீருவர். அக்கேள்விக்கு விடை கண்ட ஒருவரின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

1905-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயத் தாவரநூல் அறிஞர், பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு அரசாங்கப் பணியேற்று வந்தார். குடியானவர்களுக்குக் கற்பிக்க வந்த அவர் கண்டதென்ன? பூச்சிமருந்தையே அறியாத சுற்றுப்புற உழவரின் பயிர்கள் நோயின்றிச் செழித்திருந்தன. உழவரும் பயிர்ப் பூச்சிகளுமே தம் பேராசிரியர்கள் என்று பின்னாளில் அவர் எழுதினார். ஆசிரியத் தொழிலில் முதுமையெய்திய எனக்கு இதனை நினைக்குந்தோறும் சற்றே வெட்கம் தோன்றுவதுண்டு.

1924-இல் இந்தூரில் ஒரு பயிர் ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தார். சாணத்தில் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்பில் எரிந்துவிட, நிலத்துக்கு எரு போதவில்லை. சீனா, கொரியா, ஜப்பான் நாட்டு உழவர்கள் கழிவு அனைத்தையும் எருவாக்கும் முறையை, அமெரிக்கரான கிங் 1911-இல் வெளிவந்த நூலில் விரித்திருந்தார். அதனையும் நம் நாட்டு அனுபவத்தையும் இணைத்து, தழை, சருகு, சிறிதளவு சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குழியிலிட்டார். ஏறத்தாழப் பதினைந்தாம் நாள், ஒரு மாதம், இரண்டு மாதம் என மும்முறை கிளறினால், மூன்றாம் மாதம் எரு முதிர்ந்துவிடும். உடனுழைத்த யஷ்வந்த் வாட் என்பாருடன் 1931-இல் இதனை நூலாக்கினார்.

இதற்கு முன்பே, 1913-இல், ஜெர்மனியில் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியிருந்தது. அவ்வழி வந்த உரங்கள் கோடிக்கணக்கான வயிறுகளை நிரப்பின. அதை மறுப்பது நன்றிகேடு. எனினும் அம்மோனியா ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையும் நிலக்கரியையும் உண்பவை. மிகுதியாக இட்ட நைட்ரஜன் உரத்தினால் மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு புவியை வெப்பமாக்குவது. ஊர்க் குப்பைமேட்டில் காற்றுப் புகாது அழுகும் காய்கறித் தோலோ மீத்தேனை வெளியிடுகிறது. ஹோவர்டு இவ்வாயுக்களைக் கருதிக் குழி தோண்டவில்லை; மண்ணின் வளம் ஒன்றையே கருதினார். அவர் வற்புறுத்திய கிளறுதலே இன்று மீத்தேனைக் குறைக்கும் வழியுமாகிறது.

நான் பணியாற்றிய பள்ளியில் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்துவது சனிக்கிழமை வழக்கம். அப்புகை நுழையும் வகுப்பறையில்தான் மண்வளப் பாடம் நடத்தினேன்! ஓய்வுபெற்றபின் கொல்லையில் குழி எடுத்தேன். ஈரக் கழிவை அமுக்கி நிரப்பிக் கிளறாது விட்டமையால் நாற்றம் எழுந்தது; அண்டை வீட்டார் வந்து முறையிட்டனர். பாதியை வெளியே வாரி, சருகு கலந்து, காற்றோட்டமாக மீண்டும் இட்டேன். சில நாளில் நாற்றம் அடங்கியது. மூன்று மாதங்கழித்து, மழை நனைத்த மண்வாசனையோடு இரண்டு கூடை எரு கிடைத்தது, கத்தரிக்கே இட்டேன்.