செங்கீரை முதல் சிறுதேர் வரை

காதுகுத்துக்கு வீடு தயாராகிவிட்டது. வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தாயிற்று. தகப்பன் இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளையோ வலிக்குப் பயந்து கிட்டவே வர மறுக்கிறான். பலாப்பழம் தருகிறேன், பெரிய அப்பம் தருகிறேன் என்று தாய் கெஞ்சுகிறாள். பெரியாழ்வார் திருமொழியில் வரும் காட்சி இது. பிள்ளை கண்ணன், தாய் யசோதை. பாடியவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் பூமாலை கட்டிய ஓர் ஆண்.

8-9ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பெரியாழ்வார், தொட்டிலில் தொடங்கி நிலாவைக் காட்டுவது, தளர்நடை, நீராட்டு, தலைவாருதல், பூச்சூட்டல், திருஷ்டி படாமல் காப்பிடுதல் என்று ஒரு பிள்ளை வளரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பதிகம் பாடினார். துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தையை ஆண்டாளாக வளர்த்தவர் என்று மரபு அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் அந்தப் பதிகங்களின் கெஞ்சலும் கொஞ்சலும் வீட்டுப் பெண்களின் வாயிலிருந்து வந்தவை. தமிழில் ஓர் இலக்கிய வகையே இந்தக் கடனிலிருந்து எழுந்தது: தெய்வத்தையோ மன்னரையோ சான்றோரையோ குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழ்.

இன்று கிடைக்கும் முழு நூல்களில் பழையது, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னன்மீது பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். குழந்தை வளரும் கட்டங்களாகப் பருவம் 10, பருவத்துக்குப் பாட்டு 10 என்பது பின்னாளில் நிலைத்த அளவு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய 7 பருவங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அதற்குப் பின் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை.

புலவர்கள் இவற்றை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும், அது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும், அது சப்பாணி. காப்புப் பருவத்தில் காக்கும் கடவுளான திருமாலை முதலில் அழைக்க வேண்டும், தெய்வங்களின் கொலைச் செயல்களைச் சொல்லக் கூடாது என்று இலக்கிய வகைகளுக்கு விதி சொல்லும் பாட்டியல் இலக்கணம் விதித்தது. பச்சைக் குழந்தையின் அருகில் அமங்கலச் சொல் கூடாது என்ற தாயின் அச்சம்தான் அங்கே விதியாயிற்று.

புலவனின் திறமைக்குப் பெரிய சோதனை அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வரும்படி நிலாவைக் கூப்பிட வேண்டும். நீயும் இவனும் ஒன்று என்று முதலில் இணக்கம். உன்னைவிட இவன் உயர்ந்தவன் என்று அடுத்துப் பேதம். வந்தால் இன்னின்ன நன்மை உண்டு என்று தானம். கடைசியில், வராவிட்டால் தண்டனை. சோறூட்டும்போது தாய் செய்வதும் இதே பேரம்தான்.

17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். மீனாட்சியே சிறுமியாக வந்து மன்னர் மடியில் அமர்ந்து கேட்டாள், மன்னர் கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டாள் என்பது மரபு. சிவனுக்குப் பிறப்பே இல்லை என்பதால் அவர்மீது பிள்ளைத்தமிழ் பாடும் வழக்கம் இல்லை. மற்றபடி இந்த மடியில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சேக்கிழாரைக் குழந்தையாக்கினார். நபிகள் நாயகத்துக்கும் குழந்தை இயேசுவுக்கும் காந்திக்கும் பிள்ளைத்தமிழ் உண்டு.

வீட்டில் பிறந்த தாலாட்டோ தன் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. வயல் வரப்பில் மரக்கிளையில் தூளி கட்டிய பெண், அடித்தது யார் என்று பிள்ளையைக் கேட்டு, அத்தை, பாட்டி, மாமன் என்று உறவை வரிசையாக அழைத்தாள். தாய்மாமன் கொண்டுவரும் சீர் அந்தப் பாட்டில் வளர்ந்துகொண்டே போனது. பிறந்த வீட்டின் பெருமையையும் புகுந்த வீட்டுக் குறையையும் அவள் பாடிக்கொள்ள இடம் தந்ததும் அதே தாலாட்டுதான்.

இந்தத் தாலாட்டுகள் பரவலாக அச்சேற 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பில் பாட்டின் அடியில் வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள், சேகரித்தவர் பெயர், இடம் ஆகிய குறிப்புகள் உண்டு. சேகரித்தவர்களில் ஒருவர் எஸ்.எஸ். போத்தையா, இடங்களில் ஒன்று விளாத்திகுளம். பாட்டை முதலில் கட்டிய தாயின் பெயரை அவர்களாலும் எழுத முடியவில்லை.