வானிலிருந்து வந்த எதிர்த்துணிக்கை

எதிர்த்துணிக்கை என்றதும், மேனாட்டார் ஆய்கூடத்தில் ஆக்கிய விந்தையென்றே நம்மவரிற் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. மனிதன் முதன்முதற் கண்ட எதிர்த்துணிக்கை வானிலிருந்தே வந்தது.

1928ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் டிராக் என்பார் இலத்திரனுக்கு ஒரு சமன்பாடு அமைத்தார். ஒரு விடை வேண்டிய இடத்தில் அது இரண்டு தந்தது. மிகையான விடையைத் தள்ளிவிட மனமின்றி, நேர்மின்னேற்றங் கொண்ட இலத்திரன் ஒன்றும் இருத்தல் வேண்டும் என்று 1931இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி, கலிபோர்ணியாவில் அண்டர்சன் என்னும் இளைஞர் அண்டக்கதிர்களை முகிலறையிற் படம்பிடிக்கையில், ஈயத்தகட்டை ஊடுருவிய ஒரு சுவட்டைக் கண்டார். தகட்டின் ஒரு பக்கத்தில் அது கூடுதலாக வளைந்திருந்தது. வேகங் குன்றிய பக்கம் அதுவே என்பதனாற் சென்ற திசை தெரிந்தது. வளைவோ இலத்திரனின் வளைவுக்கு நேர்மாறு. இதுவே பொசித்திரன்.

அது பிறக்கும் முறையை விளக்கியவருள் ஒருவர் நம் பாரதத்தவர். பம்பாயிற் பிறந்த ஹோமி பாபாவைப் பொறியியல் கற்கவே தந்தையார் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். மகன் மனமோ பௌதிகத்திற் சென்றது. (பிள்ளைகளின் துறையைத் தாமே தெரிவு செய்யும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக.) பொசித்திரனும் இலத்திரனும் மோதிச் சிதறும் முறைபற்றி 1936இல் அவர் வெளியிட்ட கணிப்பு இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. 1937இல் ஹைட்லருடன் சேர்ந்து அண்டக்கதிர் மழையையும் விளக்கினார். விண்ணினின்று பாயும் வலிய இலத்திரன், காற்றிலுள்ள அணுவொன்றின் அருகே காமாக் கதிரை உமிழும். அக்கதிர் வேறோர் அணுவினருகில் இலத்திரன், பொசித்திரன் என்னும் இணையாக மாறும். அவை மறுபடியும் காமாக் கதிரை உமிழும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சக்தியே பொருளாகப் பொழியும்.

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை உலகப்போர் அங்கேயே நிறுத்திவிட்டது. 1945இல் அவர் தொடக்கிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் உதகமண்டலத்தில் அண்டக்கதிர்களை அளந்து வருகின்றனர். 2014 டிசம்பர் 1ஆந் திகதி அங்கு எழுந்த இடிமுகில் ஒன்றின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ற்று என 2019இல் அவர்கள் அறிவித்தனர். அதற்கு அளவுகோலாயின மியூவன் என்னுந் துணிக்கைகள். நாம் உள்ளங்கையை விரித்து நின்றால், செக்கனுக்கு ஒன்றளவில் மியூவன்கள் அதனை ஊடுருவுகின்றன. அவற்றிற் பாதிக்குச் சற்று மேற்பட்டவை எதிர்த்துணிக்கைகளே.

வானத்தை நோக்குவானேன்? நம் நீர்வேலி வாழைப்பழத்திலுள்ள பொற்றாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிர்வீசுவது. அவ்வணுக்கள் சிதைகையில், ஏறத்தாழ இலட்சத்துக்கு ஒரு தடவை பொசித்திரன் வெளிப்படும். வெளிப்பட்டதும் அயலிலுள்ள இலத்திரனோடு கலந்து காமாக் கதிராய் மறையும். உண்பவருக்கு அதனால் ஒரு தீங்குமில்லை.