அடைக்குள் ஒரு ஆப்பிரிக்க விருந்தாளி

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள், பெரம்பலூரைத் தாண்டியதும் ரஞ்சன்குடிக் கோட்டையைக் கவனித்திருப்பீர்கள். 1751-ல் முகமது அலிக்காக ஆங்கிலேயரும், சந்தா சாகிப்புக்காக பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்ட வட்டாரம் இது. வந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால், அவர்களுக்கெல்லாம் முன்பே இந்தியாவுக்குள் நுழைந்த ஒரு அந்நியர் மட்டும் திரும்பிப் போகவே இல்லை. பெயர், காராமணி!

தட்டைப்பயறு என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். மலையாளத்தில் வன்பயறு. இலங்கைத் தமிழர்களுக்கு கௌபி. 'நம்ம ஊர்ப் பயறுதானே சார்' என்பீர்கள். இல்லை, பிறந்த இடம் ஆப்பிரிக்கா. சுமார் 3,500 வருடங்களுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1492-ல் கொலம்பஸ் அமெரிக்காவைத் தொட்ட பிறகு இங்கே வந்த ராஜ்மாவெல்லாம் இதன் முன்னால் நேற்றைய பையன்!

இந்த விருந்தாளிக்கு நம் சமையலறையில் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் காரடையான் நோன்பு. வறுத்த அரிசி மாவு, வெந்த காராமணி, தேங்காய்ப் பல். இதில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் வெல்ல அடை. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் போட்டால் உப்படை. நோன்பு இல்லாத வீட்டில் கத்தரிக்காயோடு புளிக்குழம்பு. ஒன்று மட்டும் முக்கியம். வெல்லமோ புளியோ, பயறு நன்றாக வெந்த பிறகுதான் சேர்க்கணும். அவசரப்பட்டால் கடைசிவரை வேகாமல் கடுக்கு முடுக்கென்று அடம்பிடிக்கும்.

ஜப்பானில் விசேஷ நாட்களில் சிவப்புச் சோறு சமைப்பார்கள். வழக்கமாக அதில் போடுவது அசுகி பயறு. அது வேகும்போது தோல் வெடிக்கும். அது வயிற்றைக் கிழித்துக்கொள்வதுபோல் இருக்கிறதென்று சாமுராய்கள் முகம் சுளித்தார்களாம். அதனால் டோக்கியோ பக்கம் தோல் வெடிக்காத காராமணியைப் போட்டார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு இது அமெரிக்காவுக்கும் போனது. அங்கே தென் மாநிலங்களில் ஜனவரி 1 அன்று இந்தப் பயறையும் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்று நம்புகிறார்கள்.

மறுபடி ரஞ்சன்குடிக்கு வருவோம். இது மானாவாரி பூமி. இப்படிப்பட்ட காடுகளில் தட்டைப்பயறுக்கு என்று யாரும் தனியாக நிலம் ஒதுக்குவது அபூர்வம். சோளத்துக்கும் பருத்திக்கும் நடுவே ஊடுபயிராக நாலு வரிசை விதைப்பார்கள். அது சும்மா இருக்காது. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் பிடித்துவைக்கும். அதில் அசுவினி வரும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அந்தப் பொறிவண்டே பருத்திக்கும் காவல்!

இன்று மக்காச்சோளம் அதிகம் விளையும் தமிழக மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கையில் காசு வருகிறது, களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் அட்ரசின் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். அது அகன்ற இலைச் செடிகளைத் தீர்த்துக்கட்டும். தட்டைப்பயறும் அகன்ற இலைச் செடிதான். எது களை, எது பயறு என்று மருந்துக்குத் தெரியுமா என்ன?

பயறு என்னவோ மளிகைக்கடையில் பாக்கெட்டில் கிடைக்கும். அடையும் வேகும். ஆனால், மண்ணுக்கு யார் சோறு போடுவது? வயல் ஓரத்தில், மருந்து படாமல் நாலு வரிசைக்கு இடம் விட்டால்கூடப் போதும். 3,500 வருட விருந்தாளிக்கு அதுகூடத் தர மாட்டோமா?