பெல்ட் ரெண்டு, சாம்பியன் மூணு பேர்: ரெஸ்லிங் டேக் டீம் வரலாறு, ஒரு டாக்டர் பார்வையில்

1/ டிரம்ப் கார்டு வெச்சு விளையாடின தலைமுறையா நீங்க? அப்போ டிவில டேக் டீம் மேட்ச் கண்டிப்பா பாத்திருப்பீங்க. ரெண்டு பேர் ஒரு அணி, ஆளுக்கு ஒரு பெல்ட். ஆனா சில அணிகள்ல பெல்ட் ரெண்டு, சாம்பியன் மூணு பேர்! இந்த வழக்கம் எப்படி வந்துச்சு, ஒரு மருத்துவரா எனக்கு இது ஏன் முக்கியமாப் படுதுன்னு இந்த இழையில் சொல்றேன்.

2/ "அதெல்லாம் நாடகம் டாக்டர்"னு சொல்ல வர்றது தெரியுது. ஆமா, யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவாகிடும். ஆனா கீழே விழுற உடம்பு நிஜம். முட்டிக்கும் தோள்பட்டைக்கும் கழுத்து எலும்புக்கும் ஸ்கிரிப்ட் தெரியாது.

3/ முதல்ல அடிப்படை விதி. ஒரு நேரத்துல அணிக்கு ஒருத்தர்தான் ரிங்குக்குள்ள இருக்கலாம். இன்னொருத்தர் கயிறுக்கு வெளியே தன் மூலையில நிக்கணும். உள்ளே இருக்கறவர் வந்து கையைத் தட்டினா ஆள் மாறலாம். ரெஃப்ரி அஞ்சு எண்ணுறதுக்குள்ள பழைய ஆள் வெளியே போயிடணும். எங்க பாஷையில சொன்னா, ஷிஃப்ட் டியூட்டி.

4/ 1930கள்ல அமெரிக்காவின் டெக்சாஸ்ல நாலு பேரும் ஒரே நேரத்துல மோதிக்கிற கலாட்டா மேட்சுகள் நடந்துச்சு. கை தட்டி ஆள் மாறும் முறை நிலைச்சு, டிவி வந்தப்போ இந்த ஆட்டம் எங்கேயோ போயிடுச்சு. 1954 பிப்ரவரியில டோக்கியோவில் ரிக்கிடோசானும் கிமுராவும் ஓர் அணி. எதிரணி கனடாவின் ஷார்ப் சகோதரர்கள். தெருவில் வெச்ச டிவி பெட்டிகள் முன்னாடி ஜனங்க கூட்டம் கூட்டமா நின்னாங்க. ஜப்பானில் ரெஸ்லிங் அலையைக் கிளப்பிவிட்டதே ஒரு டேக் டீம் மேட்ச்தான்.

5/ டேக் டீம்ல ரசிகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. முடியாத ஆளை மூலையில நிக்க வெச்சுக்கலாம். உதாரணம் ஆந்த்ரே தி ஜயன்ட். அவருக்கு இருந்தது அக்ரோமெகாலி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். ஆள் பிரமாண்டமா வளர்வார். ஆனா மூட்டும் முதுகும் இதயமும் அந்தச் சுமைக்குத் தேய்ஞ்சு போகும்.

6/ 1990 ஏப்ரல் 1, டொரான்டோ, ரெஸில்மேனியா 6. ஆந்த்ரேவும் ஹாகுவும் சாம்பியன்கள். அந்த மேட்ச்ல ஆந்த்ரே முறைப்படி ஒரு தடவைகூட டேக் வாங்கி உள்ளே வரல. முழு ஆட்டத்தையும் ஹாகு சுமந்தார். மூணு வருஷம் கழிச்சு, 1993 ஜனவரியில ஆந்த்ரே இறந்தப்போ வயசு 46.

7/ இப்போ மூணாவது ஆள் கதைக்கு வருவோம். 1979ல் மைக்கேல் ஹேய்ஸ், டெரி கார்டி, பின்னாடி பட்டி ராபர்ட்ஸ்னு மூணு பேர் சேர்ந்து ஃபேபுலஸ் ஃப்ரீபேர்ட்ஸ் ஆனாங்க. ஹேய்ஸ் வாய், கார்டி பலம், ராபர்ட்ஸ் அனுபவம். மூணு பேர்ல எந்த ரெண்டு பேர் வேணும்னாலும் பெல்ட்டைக் காக்க வரலாம்னாங்க. அதுக்கு நிலைச்ச பேர்தான் "ஃப்ரீபேர்ட் ரூல்".

8/ கதைப்படி அது வில்லத்தனம். யார் வரப்போறாங்கன்னு எதிரணிக்குத் தெரியாது. ஆனா அதுக்குள்ளேயே ஒரு நல்லது ஒளிஞ்சிருந்துச்சு. மூணு பேர்ல ஒருத்தருக்கு எப்பவும் ஓய்வு, அவரும் சாம்பியன்தான். ஏன்னா பட்டம் ஆளுக்குச் சொந்தமில்ல, அணிக்குச் சொந்தம்.

9/ அவங்களோட பரம எதிரிகள் டல்லாஸின் வான் எரிக் சகோதரர்கள். அந்தக் குடும்பத்துல ஓய்வுங்கற பேச்சே இல்ல. 1985ல் மைக் வான் எரிக்குக்குத் தோள்பட்டை ஆபரேஷன். அதைத் தொடர்ந்து டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம். அதாவது, கிருமியின் நச்சு ரத்தத்துல கலந்து பல உறுப்புகளைத் தாக்கும் நிலை. பிழைச்சதே பெரிய விஷயம். ஒரு வருஷம் முடியறதுக்குள்ள மறுபடி ரிங்ல இறங்கினார். உடம்பு பழையபடி இல்ல. 1987ல், 23 வயசுல அவர் வாழ்க்கை முடிஞ்சுது.

10/ ஆள் பத்தாம போனப்போ அந்தக் கம்பெனி என்ன செஞ்சுது தெரியுமா? ரத்த சம்பந்தமே இல்லாத ஒருத்தரை லான்ஸ் வான் எரிக்னு பேர் வெச்சு, பெரியப்பா சித்தப்பா வழி சொந்தம்னு சொல்லி இறக்கிவிட்டாங்க.

11/ கூட்டாளி விழுந்தா பட்டம் என்ன ஆகும்? மூணு வழக்கம் உண்டு. முதலாவது: பட்டம் போயிடும். 2006 நவம்பரில் ரிக் ஃப்ளேரும் ராடி பைப்பரும் சாம்பியன் ஆனாங்க. சில நாள்லயே பைப்பரால இறங்க முடியல. ஃப்ளேர் ஒத்தை ஆளா நின்னு பட்டத்தை இழந்தார். அதே மாசம் பைப்பருக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய்னு தெரியவந்துச்சு.

12/ ரெண்டாவது: ஆளை மாத்திடுவாங்க. 2009 ஜூலையில எட்ஜுக்கு அக்கிலீஸ் தசைநாண் கிழிஞ்சுது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போட கட்டி வெச்சிருக்கற கயிறு அது. அறுந்தா நுனிக்காலை ஊனி நிக்க முடியாது. அந்த மாசமே கிறிஸ் ஜெரிக்கோ புதுக் கூட்டாளியா பிக் ஷோவைக் கூட்டிட்டு வந்தார். பட்டம் தப்பிச்சுது, எட்ஜ் பேர் போச்சு.

13/ மூணாவதுதான் ஃப்ரீபேர்ட் ரூல். 1990ல் டெமாலிஷன் அணியின் ஆக்ஸுக்கு உடம்பு சரியில்லாம போனப்போ, க்ரஷ்னு மூணாவது ஆளைச் சேர்த்தாங்க. ஆக்ஸை நீக்கல. மூணு பேர் முகத்துலயும் பெயின்ட். சம்மர்ஸ்லாம் மேட்ச்ல ஆக்ஸ் ரிங்குக்கு அடியில ஒளிஞ்சிருந்து நைசா ஆள் மாறினது தனி காமெடி!

14/ இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டு போனது நியூ டே: பிக் இ, கோஃபி கிங்ஸ்டன், சேவியர் உட்ஸ். 2015 ஆகஸ்ட்ல இருந்து 2016 டிசம்பர் வரை 483 நாள் சாம்பியன்கள். டெமாலிஷனோட 478 நாள் சாதனையை முறியடிச்சாங்க. (இப்போ அந்தச் சாதனையும் ஊசோ சகோதரர்கள் கையில, 622 நாள்.) 2016ல் ஃப்ரீபேர்ட்ஸை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்து வெச்சதும் நியூ டேதான். அப்போ கார்டியும் ராபர்ட்ஸும் உயிரோட இல்ல. கார்டி 2001ல் 40 வயசுல ரத்தக்கட்டியால இறந்திருந்தார்.

15/ 2019 அக்டோபரில் உட்ஸுக்கும் அதே அக்கிலீஸ் கிழிஞ்சுது. சில வாரத்துல மத்த ரெண்டு பேரும் மறுபடி பட்டம் ஜெயிச்சாங்க. உட்ஸ் திரும்பி வர ஏறத்தாழ ஒரு வருஷம் எடுத்துக்கிட்டார். அவசரப்படல. அவசரப்படத் தேவையும் இல்ல.

16/ 2022 மார்ச் 11. ரிங்குக்கு வெளியே வாங்கின ஒரு வீச்சுல பிக் இ தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதல் எலும்பும் ஆறாவது எலும்பும் முறிஞ்சுது. முதல் எலும்பு தலையைத் தாங்கற வளையம். அந்த உயரத்துல தண்டுவடம் அடிபட்டா மூச்சே நின்னுடலாம். அதிர்ஷ்டம், தண்டுவடத்துக்கு ஒண்ணும் ஆகல, ஆபரேஷனும் தேவைப்படல. (யாராவது இப்படி விழுந்தா கழுத்தை அசைக்காதீங்க, தூக்கி உக்கார வைக்காதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க.)

17/ அதுக்கப்புறம் அவர் ரிங்ல இறங்கல. 2024 டிசம்பர்ல, நியூ டேயோட பத்தாவது ஆண்டு விழாவில், கோஃபியும் உட்ஸும் பிக் இ முகத்துக்கு நேராவே "நீ இனி எங்க அணியில இல்ல"ங்கற மாதிரி பேசி ஒதுக்கினாங்க. கதைதான். ஆனா அரங்கமே கொந்தளிச்சுது. ஏன்? விழுந்தவன் பேரை அழிக்க மாட்டோம்ங்கறதுதான் அந்த அணி பத்து வருஷமா ஜனங்களுக்குக் காட்டின வாக்கு.

18/ இப்போ கிளினிக்குக்கு வாங்க. எலும்பு முறிஞ்சு வர்றவங்க பலர் முதல்ல கேக்கறது "குணமாகுமா?"னு இல்ல. "எப்போ வேலைக்குப் போகலாம்?"னுதான். லீவு போட்டா இடம் போயிடும்ங்கற பயம். அந்தப் பயத்துல பாதி ஆறின காலோட போறவங்கதான் திரும்ப வர்றாங்க, இன்னும் மோசமா.

19/ வீட்டுலயும் இதே கதை. படுத்த படுக்கையா இருக்கற அப்பாவை ஒத்தை ஆளா வருஷக்கணக்கா பாத்துக்கற மகள், மருமகள் எத்தனை பேர்! அவங்களுக்கு முதுகுவலி, தூக்கமில்ல, பிரஷர். மாத்திரை எழுதித் தரலாம். ஆனா அவங்களுக்குத் தேவை மூணாவது ஆள்.

20/ அதனால உங்க வீட்டுல யார் ரொம்ப நேரமா ரிங்குக்குள்ளேயே நிக்கறாங்கன்னு இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை பாருங்க. வாரத்துல ஒரு நாளாவது போய்க் கையைத் தட்டி, "நீ வெளியே போ, நான் பாத்துக்கறேன்"னு சொல்லுங்க.